பச்சைத்தண்ணியா, சுடுதண்ணியா?

செப்டம்பர் 4

அன்புள்ள அக்கா,

நாங்கள் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? காது டாக்டரிடம் போனாயா, இல்லை வழக்கம்போல நாளைக்கு நாளைக்கு என்கிறாயா? லாண்டரி மெஷின்களுக்கு நடுவிலேயே காலத்தை ஓட்டினால் காது போகாமல் என்ன செய்யும். உன்னோடு போனில் பேசுவதற்குச் சுவரோடு பேசலாம். அதனால்தான் உனக்கு மட்டும் இன்னும் கடிதம்.

குளிர்காலத் துணிகளை வழக்கம்போலப் பார்சலில் அனுப்பிவிட்டேன். இந்தத் தடவை நானே கட்டினேன். கொக்கியில் தொங்கியதை எல்லாம் அள்ளிப் போட்டு ஒரு முடிச்சு, அவ்வளவுதான். குளிர் வருவதற்குள் வெளுத்து அனுப்பு.

ஈரக்கோட்டுக்காரன் வரிசையில் ஆறாவது நாவலைக் கேட்டுப் பதிப்பாளர் உயிரை எடுக்கிறார். அவருக்கென்ன தெரியும்? விடியவே விடியாத ஒரு நகரம், செத்தவர்கள் வரிசையில் நின்று தங்கள் கொலைக்குத் தாங்களே புகார் கொடுக்கும் போலீஸ் ஸ்டேஷன், ஆற்றில் மூழ்கிச் செத்த பிறகும் வேலையை விடாத துப்பறிவாளன். இதையெல்லாம் மண்டைக்குள் வைத்துக்கொண்டு ஒருவன் எப்படி நிம்மதியாக இருப்பான்? "நான் இருளைத் தேடிப் போகவில்லை, இருள்தான் என்னைத் தேடி வந்தது" என்று போன மாதம் ஒரு கூட்டத்தில் சொன்னேன். கைதட்டல் அடங்கவே இல்லை.

வாயாடி தூங்குகிறாள். அதனால் கீழே அவள் வரி இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தம்பி

*

செப்டம்பர் 15

அன்புள்ள சின்னவனுக்கு,

நான் நல்லா இருக்கேன். முழங்கால் அதுபாட்டுக்கு வலிக்குது, நான் என்பாட்டுக்கு நிக்கறேன். காதைப் பத்திக் கவலைப்படாதே, கேக்க வேண்டியதெல்லாம் கேட்டாச்சு.

பார்சல் வந்துது. உன் சட்டைக்கை ஒண்ணு பாக்கியில்லாம டீக்கறை. சாஸர்ல ஊத்தி, ஊதி ஊதிக் குடிச்சுட்டு, வாயைச் சட்டையில துடைக்கிறதை எப்படா விடப்போறே? உன் கதையில வர்ற கொலைகாரனுக்கும் அதே பழக்கம்தான். படிக்கும்போதெல்லாம் எனக்குள்ள சிரிச்சுக்குவேன். நம்ம கடை இஸ்திரிக்காரர்தான் பாவம். உன் கதையைப் படிச்சதுலேருந்து, ஈரமா ஒரு கோட்டைக் கண்டாப் போதும், பேயறைஞ்ச மாதிரி நிக்கறார்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். உன் பெண்டாட்டிக்கு என்ன? வாயே திறக்காத பொண்ணுக்கு வாயாடின்னு பேர் வச்சுட்டுப் போனார் நம்ம அப்பா. ஆனா கல்யாணம் ஆனதுலேருந்து உன் கடுதாசிக்கு அடியில ஒரு வரி எழுதாம அவ இருந்ததே இல்லை. அதுவும் எப்பவும் ஒரு கேள்வி. "அண்ணி, மெழுகு சொட்டினால் எதை வைத்து எடுப்பீர்கள்?" "அண்ணி, துருக்கறைக்கும் ரத்தக்கறைக்கும் கண்ணால் பார்த்து வித்தியாசம் தெரியுமா?" உன் கதைக்காக நீதான் கேக்கச் சொல்றேன்னு, நானும் மாஞ்சு மாஞ்சு பதில் எழுதுவேன். ஒரு வரி எழுத முடியாத அளவுக்கு என்னடா தூக்கம்? உடம்பு சரியில்லையா? விசேஷம் எதாவது இருந்தா மறைக்காமச் சொல்லு.

இன்னொண்ணு. பார்சல்ல அவ கோட்டும் இருக்கு. அவளுக்கு இருக்கறதே அந்த ஒரு கோட்டுதான். வலதுகை முனையில என்னைக்கும் இல்லாத பெருசா ஒரு கறை, காப்பிக்கலர் துணியில கறுப்பா, காஞ்சு கெட்டியா இருக்கு. அது என்ன கறைன்னு தெரிஞ்சாத்தான் நான் கை வைக்க முடியும். அவகிட்டக் கேட்டு எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா

*

அக்டோபர் 2

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

விசேஷம் ஒன்றும் இல்லை. நீ வேறு. அவள் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள். கொஞ்ச நாள் மாறுதலாக இருக்கட்டும் என்று நான்தான் அனுப்பினேன். கோட் இனி அவளுக்குத் தேவைப்படாது. கறை என்னவென்று எனக்கு எப்படித் தெரியும்? எதையாவது போட்டுத் துவைத்துவிடு. கொலைகாரன் டீ குடிப்பதைப் பற்றி ஏதோ எழுதியிருந்தாய், ஒன்றும் புரியவில்லை.

எனக்கு அவசரமாக ஒரு விஷயம் தெரிய வேண்டும். வெள்ளைச் சட்டை. அதில் ரத்தம், கொஞ்சநஞ்சம் இல்லை. ஆள் பதற்றத்தில் இருக்கிறான். சுடுதண்ணியில் போட்டு அலசினால் சுத்தமாகப் போய்விடும், இல்லையா? நாவலுக்காகத்தான் கேட்கிறேன். நான் கேட்டதாக யாரிடமும் மூச்சு விடாதே. இந்தக் கடிதத்தையும் கிழித்துப் போட்டுவிடு.

உன் தம்பி

*

அக்டோபர் 11

சின்னவனுக்கு,

உன் கடுதாசி வந்ததுலேருந்து எனக்கு வேலையே ஓடல. கவுண்ட்டர்ல நிக்கறேன், யாரோட துணி யாருக்குக் கொடுக்கறேன்னே தெரியல. இன்னிக்கு ஒரு வாத்தியாருக்கு யாரோட பாவாடையையோ மடிச்சுக் கொடுத்துட்டேன்.

எந்தச் சித்திடா? அவளுக்கு இருந்ததே ஒரு சித்தி. அந்தம்மா போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆச்சு. உனக்கு ஏதோ கூட்டம்னு நீ வரல. நான்தான் கூடப் போய், அவ அழாம நின்னதைப் பாத்து நானும் அழுதுட்டு வந்தேன். செத்தவங்க எழுந்து நடமாடறதெல்லாம் உன் கதையில சரி. நிஜத்துலயும் சித்தி எழுந்து வந்து விருந்தாளிக்குப் படுக்கை தட்டிப் போடறாங்களா?

குளிர் வரப்போற நேரத்துல, இருக்கற ஒரே கோட்டை விட்டுட்டு எந்தப் பொண்ணு ஊருக்குப் போவா? "இனித் தேவைப்படாது"ன்னு எழுதறியே, எந்தக் கையாலடா எழுதினே? அதுக்கு அடுத்த வரியில ரத்தக்கறையை எப்படி எடுக்கறதுன்னு கேக்கறே.

தண்ணியைப் பத்தி நான் வாயைத் திறக்கமாட்டேன். உன் கடுதாசியைக் கிழிக்கவும் மாட்டேன். அந்தக் கோட்டைத் தனியா ஒரு பையில போட்டு வச்சிருக்கேன், யாரும் தொடல.

நான் கண்டதையும் நினைச்சுக்கிட்டுக் கிடக்கறேன். நீயே சிரிச்சு, "அக்கா, உனக்குப் பைத்தியமா"ன்னு கேளு. கேட்டுட்டு, அவளை ஒரே ஒரு வரி எழுதச் சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.

அக்கா

*

நவம்பர் 19

அன்புள்ள அக்கா,

நலம். வேலை மிகுதியால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

சித்தி என்றால் சொந்தச் சித்தியா? தூரத்துச் சொந்தம், உனக்குத் தெரியாது. கதை படித்துப் படித்து உனக்குப் புத்தி கெட்டுப் போயிருக்கிறது. நேற்று அவள் வந்திருந்தாள், மறுபடி போய்விட்டாள். நீ கேட்ட வரி கீழே இருக்கிறது. இனியாவது என்னை எழுத விடு. ஆறாவதில் இன்னும் முதல் அத்தியாயத்தையே தாண்டவில்லை.

உன் தம்பி

"அன்புள்ள அண்ணிக்கு, நான் நலம். வீண் கவலை வேண்டாம்."

*

நவம்பர் 27

சின்னவனுக்கு,

நலம் விசாரிக்க மனசு வரல.

அந்த வரி அவ எழுதினதில்லை. கையெழுத்தை இழுத்து இழுத்து அவளை மாதிரியே போட்டிருக்கே, கஷ்டப்பட்டிருக்கே. ஆனா அவ ஒருநாளும் எனக்கு "நான் நலம்"னு எழுதினது கிடையாது. கேள்விதான் கேப்பா. அதுகூடத் தெரியாம ஒரே வீட்டுல எப்படிடா குடும்பம் நடத்தினே?

நேத்து போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போனேன். வாசல் பெஞ்சுல உக்காந்திருந்தேன். என்ன விஷயம்மான்னு கேட்டாங்க. என் தம்பின்னு ஆரம்பிச்சேன், பாதியிலயே விட்டுட்டேன். அம்மா போனப்ப நீ கைக்குழந்தை. என் இடுப்புலதான் வளர்ந்தே. உன்னைப் பத்தி எந்த வாயால சொல்லுவேன்? துணி தொலைஞ்சுபோச்சு, விசாரிக்க வந்தேன்னு ஏதோ உளறிட்டு எழுந்து வந்துட்டேன்.

நாளைக்குக் காலையில அந்தக் கோட்டைத் தண்ணியில போடப்போறேன். என் தொழில்ல நான் ஏமாந்தது கிடையாது. தண்ணி சிவந்துதுன்னா, மறுபடி அந்தப் பெஞ்சுல போய் உக்காருவேன். இந்தத் தடவை எழுந்து வரமாட்டேன். உன்னைப் பெத்தவ இருந்தாலும் இதைத்தான் செய்வான்னு நம்பறேன்.

அக்கா

*

டிசம்பர் 3

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்கள் என்னைத் தேடுவீர்கள் என்று தோன்றியது, அதனால் எழுதுகிறேன். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா, இல்லை அதற்கும் நேரமில்லையா?

எனக்கு ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை கிடைத்திருக்கிறது. செருப்புக்கடைக்கு மேலே ஓர் அறை. தோல் வாசனையும் பசை வாசனையும் படியேறி வருகின்றன, பழகிவிட்டது. ஆனால் குளிர் தாங்கவில்லை. வீட்டைவிட்டு வந்த அன்று நல்ல வெயில். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் காகிதக்கட்டு, கோட் ஞாபகமே வரவில்லை. கொக்கியில் இருப்பதை அவர் பார்க்காமல் அப்படியே அள்ளி உங்களுக்குத்தான் அனுப்பியிருப்பார். இருந்தால் அனுப்பி வையுங்கள். கைமுனையில் இருக்கும் கறைக்காகச் சிரமப்பட வேண்டாம்.

விலாசம் பின்பக்கம். அவரிடம் சொல்லாதீர்கள். ஏன் வந்தேன் என்று கேட்பீர்கள். இப்போது எழுத முடியவில்லை.

அண்ணி, ஒரு ஆள் செத்த பிறகும் அவன் கோட் ஈரமாகவே இருந்தால், எது முதலில் போகும்? கம்பளியா, தையலா?

*

டிசம்பர் 10

அடிப் பாவி மகளே!

உன் கேள்வியைப் பாத்ததும் கவுண்ட்டர்லயே உக்காந்து ஓன்னு அழுதுட்டேன். துணி வாங்க வந்தவங்கல்லாம் யாருக்கு என்னாச்சுன்னு பயந்துட்டாங்க. கேள்வி கேக்கறியேடி, நீ உயிரோடதான் இருக்கே!

தையல்தான் முதல்ல போகும். பருத்தி நூல் மக்கிடும். கம்பளி கடைசி வரைக்கும் நிக்கும்.

இப்ப நான் சொல்றதைக் கேளு. உன்னை அவன் என்னமோ பண்ணிட்டான்னு நான் செத்துச் செத்துப் பிழைச்சேன். சித்தி வீடுங்கறான், கோட்டு தேவையில்லைங்கறான், ரத்தத்தைச் சுடுதண்ணியில அலசலாமாங்கறான். கடைசியா உன் கோட்டைப் பச்சைத்தண்ணியில போட்டேன். கண்ணை மூடிக்கிட்டு நின்னேன். தொறந்து பாத்தா தண்ணி நீலமா இருக்கு. அத்தனையும் பேனா மை. கைமுனை வேற மேஜையில தேஞ்சு தேஞ்சு பளபளன்னு ஆயிருக்கு. அப்பதான் மண்டையில உறைச்சுது. வருஷா வருஷம் உன் கோட்டுல சின்னச் சின்னதா மைதான் எடுத்திருக்கேன், அவன் சட்டையில டீதான் எடுத்திருக்கேன். அவன் சட்டையில ஒரு சொட்டு மை பாத்ததில்லை.

ஓடிப்போய் ரெண்டாவது கதையை எடுத்தேன். சுடுதண்ணி பட்டா ரத்தம் துணியிலேயே வெந்து ஒட்டிக்கும். அது தெரியாம அலசின கொலைகாரனை அந்தச் சட்டையை வச்சுத்தானே ஈரக்கோட்டுக்காரன் பிடிக்கிறான்? முழுக் கதையும் அதுமேலதானே நிக்குது? அதை எழுதினவன் என்கிட்ட வந்து, சுடுதண்ணியில போகுமான்னு எப்படிக் கேப்பான்?

எழுதினது நீதானே? அஞ்சும் நீதானே?

கோட்டு அனுப்பியிருக்கேன். உள்ளே ரெண்டு ஜோடி காலுறை, யாரும் வாங்க வராதது. போட்டுக்கோ.

உன் அண்ணி

*

ஜனவரி 5

அன்புள்ள அண்ணிக்கு,

கோட் வந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். உங்கள் உடம்பு தேவலையா?

ஆமாம், ஐந்தும் நான்தான். முதல் கதையை எழுதியபோது, பேயும் பிணமும் எழுதும் பெண்ணின் பெயரை யார் நம்பிப் போடுவார்கள் என்றார் உங்கள் தம்பி. அவர் பெயரில் அனுப்பினோம். இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம், விளையாட்டு மாதிரி. பிறகு மாலை போட்டார்கள், மேடையில் ஏற்றினார்கள். நாளாக ஆக, எங்களுக்குள்கூட அதைப் பேச முடியாமல் போனது. அவர் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. பின் அட்டையைப் படித்துவிட்டுக் கூட்டத்துக்குப் போவார்.

கடைசிக் கூட்டத்தில் என்னையும் மேடைக்குக் கூப்பிட்டார். "இவள் என் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்த்ததில்லை, அவ்வளவு பயந்த சுபாவம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் காகிதங்களை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஆறாவதை என் பெயரில் போடச் சொல்லிப் பதிப்பாளருக்கு எழுதினேன். "நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள், அவள் வெறும் கைதான்" என்று இவர் சொல்லிவிட்டாராம். எது உண்மை என்று தெரிந்த ஒரு ஆளைக் காட்டு என்கிறார் பதிப்பாளர். எனக்கு உங்களைத் தவிர யாரும் இல்லை. ஆனால் அவர் உங்கள் தம்பி. மாட்டேன் என்றால் எனக்குக் கோபம் வராது.

இந்தத் தடவை கேள்வி இதுதான், அண்ணி.

*

பிப்ரவரி 14

அன்புள்ள வாயாடிக்கு,

நல்லா இருக்கேன்னு பொய் சொல்லமாட்டேன். உடம்புக்கு ஒண்ணும் இல்லை.

உன் கடுதாசிக்குப் பின்னாடியே அவன் கடுதாசியும் வந்துது. "நீ என் ரத்தம், பதிப்பாளர் கேட்டால் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்"னு எழுதியிருந்தான். நியாயம் உன் பக்கம், பாசம் அவன் பக்கம். நடுவுல கிடந்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒருநாள் உனக்காகக் கிளம்பி, அவனுக்காகத் திரும்பி வந்தேன். கடைசியில, யாருக்கும் சாட்சி சொல்லமாட்டேன், ஒரு கேள்வி மட்டும் கேக்கலாம்னு முடிவு பண்ணிப் போனேன். அதை உன்கிட்டதானே கத்துக்கிட்டேன்.

பதிப்பாளர் ரூம்ல அவனும் இருந்தான். டீ வந்துது. சாஸர்ல ஊத்திக்கிட்டான். பதிப்பாளர் என் காதுகிட்டக் குனிஞ்சு கத்தினார், நீங்க என்னம்மா சொல்றீங்கன்னு. நான் சொன்னேன்: "ஐயா, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். வெள்ளைச் சட்டையில ரத்தம் பட்டா பச்சைத்தண்ணியா, சுடுதண்ணியான்னு இவனைக் கேளுங்க."

அவன் என்னைப் பாத்துச் சிரிச்சான். அக்கா நம்மளைக் காப்பாத்தத்தான் சுலபமாக் கேக்கறான்னு நினைச்சுட்டான்டி. "சுடுதண்ணி, இதில் என்ன சந்தேகம்?"னான்.

டைப் அடிச்சுக்கிட்டிருந்த பொண்ணு "ஐயோ, சார்!"னு வாயைப் பொத்திக்கிச்சு. பதிப்பாளர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே இருந்தார். என்ன ஆச்சுன்னு அவனுக்கு மட்டும்தான் தெரியல. எங்க மூணு பேர் முகத்தையும் மாத்தி மாத்திப் பாத்தான். சின்ன வயசுல கூட்டத்துல என் கையை விட்டுட்டா இப்படித்தான் முழிப்பான். நான் பாக்க முடியாம எழுந்து வந்துட்டேன்.

ஆறாவது உன் பேர்ல வரும். பழைய அஞ்சும் இனி உன் பேர்லதான் அச்சாகும்னு பதிப்பாளர் சொல்லிட்டார். சந்தோஷமா இரு. நானும் சந்தோஷமாத்தான் இருக்கணும், கொஞ்ச நாள் ஆகும்.

உன் அண்ணி

*

மார்ச் 22

அக்கா,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா தெரியவில்லை.

உன்மேல் வந்த கோபத்தில் உனக்கு எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். அந்தத் தண்ணி விவகாரம் என்னவென்று பார்க்க இரண்டாவது நாவலை எடுத்தேன். கீழே வைக்க முடியவில்லை. அப்புறம் ஐந்தையும் படித்தேன். எவ்வளவு நன்றாக இருக்கின்றன, அக்கா. எத்தனை மேடையில் நான் அப்படிச் சொல்லியிருக்கிறேன், தெரியாமலே உண்மையைச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் ஐந்திலும் கொலைகாரன் நான். பெயர் வேறு, தொழில் வேறு, ஆள் நான்தான். சாஸரில் டீ, சட்டைக்கையில் துடைப்பது, பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவது. "இருள் என்னைத் தேடி வந்தது" என்று மூன்றாவதில் அவன் சொல்கிறான், அதைக்கூட நான் பின் அட்டையிலிருந்துதான் எடுத்திருக்கிறேன். ஒன்றில் என் நிழலே என் கழுத்தை நெரிக்கிறது. இன்னொன்றில் நான் கொன்றவர்கள் ஸ்டேஷனில் வரிசையாக நின்று, என்னை அடையாளம் காட்டுகிறார்கள். இத்தனை வருஷம் பக்கத்து அறையில் உட்கார்ந்து அவள் என்னைக் கொன்றுகொண்டே இருந்திருக்கிறாள். நான் டீ கேட்டால் கொண்டுவந்தும் கொடுத்திருக்கிறாள்.

உனக்கு முன்பே தெரியுமா? தெரிந்தால் ஏன் சொல்லவில்லை?

ஆறாவதில் என்னை என்ன செய்திருக்கிறாள்? கேட்டுச் சொல். பயமாக இருக்கிறது.

தம்பி

*

ஏப்ரல் 9

அன்புள்ள சின்னவனுக்கு,

நான் நல்லா இருக்கேன். உனக்கு என்கிட்ட எல்லா உரிமையும் இருக்கு, அதையெல்லாம் பேசாதே. உன் சட்டைங்களை வெளுத்து அனுப்பியிருக்கேன். டீக்கறை முழுசாப் போகல, பழசாயிடுச்சு.

அது நீதான்னு முதல் கதையிலேயே எனக்குத் தெரியும். நீயே உன்னைக் கொலைகாரனா வச்சு எழுதிக் கிண்டல் பண்ணிக்கிறேன்னு நினைச்சேன். தன்னைப் பத்தி இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கானே என் தம்பி, எவனுக்கு இந்த மனசு வரும்னு நினைச்சேன். அதுக்காகத்தான்டா உன்மேல எனக்கு அவ்வளவு பெருமை.

நீ கேக்கச் சொன்னதை அவகிட்டக் கேட்டேன். இந்தத் தடவை கேள்வி ஒண்ணும் கேக்கல, பதில்தான் எழுதியிருந்தா. "ஆறாவதில் அவர் இல்லை, அண்ணி."

நேரத்துக்குச் சாப்பிடு. குளிர் இன்னும் விடல.

அக்கா